எலிவேஷனும் வாறுகாலும்

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்களிடம் 'எலிவேஷன்' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டின் முகப்பு. தெருவில் பைக்கில் போகிறவன் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்காக முன்பக்கம் மட்டும் நாலு கலர், ரெண்டு தூண், ஒரு வளைவு, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு வட்டம். பக்கவாட்டுச் சுவர் பூச்சைக்கூடப் பார்க்காமல் வெறும் செங்கலாக நிற்கும். மேக்கப் முகத்துக்கு மட்டும்.

சர்வே வாத்தியாரைக் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார். ஓர் இடம் இன்னொரு மட்டத்திலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அவர் பாஷையில் எலிவேஷன். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சின்னதாகப் போட்டிருப்பார்களே, அது. பயணிகள் யாரும் அதைப் படிப்பதில்லை. எஞ்சின் டிரைவருக்கும் மழைத் தண்ணிக்கும் மட்டும் அதில் அக்கறை.

முதல் எலிவேஷன் தப்பானால் தெருவில் சிரிப்பார்கள். ரெண்டாவது தப்பானால் ஹாலில் காகிதக் கப்பல் விடலாம். இந்த வாரம் ரெண்டாவதைப் பற்றி.

*

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போனால், வலது கைப் பக்கம் ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். வழி நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மேற்கே மலை, கிழக்கே சரிவு. அந்தப் பக்கத்து நிலம் முழுக்க இந்த ஒரே வாக்கியம்தான்.

மலை உச்சியில் அந்தப் பக்கம் விழுகிற மழை அரபிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுவது ஓடை ஓடையாக இறங்கி, கண்மாய் கண்மாயாக நிரப்பி, மிச்சம் மீதி வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. நம் ரோடும் ரயில் பாதையும் மலையடிவாரத்தை ஒட்டி நீளவாக்கில் போவதால், கிழக்கே போகிற ஒவ்வொரு ஓடையும் அவற்றைக் குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டும். ரெண்டு ஊருக்கும் நடுவே பாலங்களை எண்ணிக்கொண்டே போங்கள். வெயில் காலத்தில், 'தண்ணியே இல்லாத இடத்தில் எதற்கய்யா பாலம்?' என்று தோன்றும். போட்டவர்கள் கிறுக்கர்கள் இல்லை. ஒவ்வொரு பாலமும், 'இந்த வழியாக நான் வருவேன்' என்று தண்ணி எழுதிக் கொடுத்த பத்திரம்.

மலையடிவாரத் தண்ணியின் குணமே தனி. கீழே வெயில் அடித்துக்கொண்டு இருக்கும், மேலே மழை கொட்டியிருக்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரையே கொண்டுபோனது. வறண்ட ஓடை என்று ஒன்று கிடையாது. லீவில் இருக்கிற ஓடை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நம் முன்னோர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். கண்மாய்க்குக் கரை போடும்போதே, நிறைந்தால் மிச்சத் தண்ணி எங்கே போவது என்று தீர்மானித்துக் கலுங்கு கட்டினார்கள். இந்தக் கண்மாயின் கலுங்குத் தண்ணி அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கடுத்தது. கலுங்கு இல்லாத கண்மாய், உடையப் போகிற கண்மாய்.

வீட்டுக்கும் ஒரு கலுங்கு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

*

ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற நண்பர். முப்பது வயசு. புது மாப்பிள்ளை, பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊருக்கு மேற்கே, மலைப் பக்கமாக 40-க்கு 60 பிளாட் வாங்கிவிட்டார். அஞ்சரை சென்ட். பாங்க் கடன் 20 வருஷம். "ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்று கூப்பிட்டார். போனேன்.

முதலில் செல்போனில் வீட்டின் '3டி எலிவேஷன்' படத்தைக் காட்டினார். இந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எப்போதும் நீல வானம். வாசலில் யாருடையதோ ஒரு சிவப்புக் கார். நம் ஜில்லாவில் எங்கும் பார்க்க முடியாத பச்சைப் புல். தரை பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி சமம். 3டி படத்தில் மழை பெய்ததாகச் சரித்திரமே இல்லை.

நிஜ பிளாட் அப்படி இல்லை. மேற்கே ரோடு. ரோட்டிலிருந்து கிழக்கே போகப் போக இறக்கம். கோலிக்குண்டைப் போட்டால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் போய்த்தான் நிற்கும்.

கொத்தனார் வந்திருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பையிலிருந்து 70 அடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டியூப் எடுத்தார். அதில் தண்ணி நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, ஒரு முனையை மேற்கு மூலையில் பிடித்துக்கொண்டு, மறு முனையைச் சித்தாளிடம் கொடுத்துக் கிழக்கு மூலைக்கு அனுப்பினார். டியூபின் ரெண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிற்கும். மேற்கே தண்ணி, தரைக்கு மேல் 2 அடியில் நின்றது. கிழக்கே 5 அடியில். ஆக, இறக்கம் 3 அடி. 60 அடிக்கு 3 அடி என்றால் இருபதுக்கு ஒன்று. செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. செல்போன் மேப்பிலும் உயரம் காட்டும். ஆனால் அது சில மீட்டர்கூட முன்னே பின்னே சொல்லும். நமக்கு வேண்டியதோ இஞ்ச் கணக்கு.

"அண்ணாச்சி, மொத்த பிளாட்டையும் ரோட்டுக்கு மேல ஒரு அடி ஏத்திருவோம். பிரச்னை முடிஞ்சது" என்றார் நண்பர்.

"மண்ணைக் கொட்டி ஏத்திரலாம் தம்பி. தண்ணிய எங்க கொட்டுவீக?" என்றார் கொத்தனார்.

நண்பர் அக்கவுண்டன்ட் ஆயிற்றே, கணக்குப் போட்டோம். மேற்கே 1 அடி மண், கிழக்கே 4 அடி மண். சராசரி இரண்டரை அடி. 2,400 சதுர அடிக்கு 6,000 கன அடி. அதாவது 60 யூனிட். மூணு யூனிட் பிடிக்கிற டிப்பர் என்றால் 20 நடை. மண் அமுங்கும், அதற்கு இன்னும் நாலைந்து நடை.

செலவு அதோடு முடியவில்லை. கிழக்கே 4 அடி மண்ணைத் தாங்கிப் பிடிக்க ஒரு சுவர் வேண்டும். சாதாரணக் காம்பவுண்டுச் சுவர் அந்த வேலைக்கு ஆகாது. சுவரின் உயரம் ரெண்டு மடங்கானால், மண் தள்ளுகிற பலம் நாலு மடங்கு ஆகிறது. சுவரைக் குப்புறச் சாய்க்கப் பார்க்கிற பலம் எட்டு மடங்கு. மழை பெய்து மண்ணுக்குள் தண்ணி நின்றால் அதன் பாரம் தனி. அதனால்தான் அப்படிப்பட்ட சுவரில் அடிப்பக்கமாகப் பைப் துண்டு சொருகித் தண்ணி வடியத் துளை விடுவார்கள். வீட்டு அழகுக்கு இடைஞ்சல் என்று அந்தத் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைக்கிற புண்ணியவான்களும் உண்டு. சுவர் ஒருநாள் பதில் சொல்லும்.

*

நாங்கள் பேசிக்கொண்டு இருந்தபோது கிழக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து நின்றார். ரிடையர்டு வாத்தியார். சண்டை போடுகிற முகம் இல்லை. டியூபைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"தம்பி, எவ்வளவு உசத்தப் போறீங்க?"

"கீழ்ப்பக்கம் ஒரு நாலு அடி வரும் சார்."

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் அடுப்படி அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் 60 யூனிட் கணக்கில் அந்த அடுப்படிக்குக் காலமே போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்திலேயே 7-ஆவது பிரிவில் இது உதாரணமாக வருகிறது. மேட்டு நிலத்தில் விழுகிற மழைத் தண்ணி, கால்வாய் எதிலும் சேராமல் தன்னால் சரிந்து ஓடிவந்தால், பள்ளத்து நிலக்காரர் அதைத் தடுக்கக்கூடாது. இது மேட்டுக்காரருக்கு உள்ள உரிமை. ஆனால், 'தன்னால் ஓடிவந்தால்' என்பதைக் கவனியுங்கள். நாலு அடி மண்ணைக் கொட்டி, தண்ணியை ஒரே மூலைக்குத் திரட்டி, பைப் வைத்து அடுத்தவன் அடுப்படிக்கு நேராகத் திறந்துவிடுவதை 'தன்னால்' என்று எந்த வக்கீலாலும் நிரூபிக்க முடியாது. வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும், 20 வருஷம் அதே வாத்தியார் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

தண்ணி எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்த அஞ்சரை சென்ட் மேல் மட்டும் 22,000 லிட்டருக்கு மேல் விழும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய ரெண்டு. அது நம் சொந்தத் தண்ணி. மேற்கே ஒரு ஏக்கர் காடு நம் பக்கம் வடிகிறது என்றால், பாதி மண்ணுக்குள் போனாலும் 2 லட்சம் லிட்டர் விருந்தாளியாக வரும். 10 சென்டிமீட்டர் ஒன்றும் கற்பனை இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். அதனால் சொந்தத் தண்ணியைவிட விருந்தாளித் தண்ணிக்குத்தான் முதலில் வழி பார்க்க வேண்டும்.

வாத்தியார் எங்களைத் தன் காம்பவுண்டுக்குள் கூட்டிப் போனார். அவர் சுவரின் மேற்கு ஓரத்தில், தரையோடு தரையாக ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை. கம்பி போட்டிருந்தது. கிழக்குச் சுவரில் அதே மாதிரி இன்னொன்று. நடுவில் சிமென்ட் வாறுகால். அந்தப் பக்கத்தில் வடிகாலுக்கு வாறுகால் என்றுதான் பெயர்.

"நான் வீடு கட்டும்போது இது பூரா காடு. மழை பெஞ்சா இப்படி வரும், அப்படிப் போகும். வர்றதை நான் எதுக்கு மறிக்கணும்? வழி விட்டுட்டேன்" என்றார்.

அந்தத் தெருவில் கலுங்கு வைத்துக் கட்டிய ஒரே வீடு அதுதான்.

*

கொத்தனார் போட்ட திட்டம் இதுதான். பிளாட்டை ஏற்ற வேண்டாம். வீடு உட்காருகிற 25-க்கு 40 இடத்தை மட்டும் ஏற்றலாம். வீட்டின் தளம் ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடி. வீடு ரோட்டிலிருந்து 10 அடி தள்ளி ஆரம்பிப்பதால் மேற்குச் சுவரில் பேஸ்மென்ட் 2 அடி, கிழக்குச் சுவரில் 4 அடி, சராசரி 3 அடி. ஆயிரம் சதுர அடிக்கு 3,000 கன அடி, அதாவது 30 யூனிட். முதல் கணக்கில் சரிபாதி. 4 அடி மண்ணைத் தாங்குகிற காம்பவுண்டும் தேவையில்லை. வீட்டைச் சுற்றியுள்ள நிலம் தன் சரிவிலேயே இருக்கும்.

வானம் தோண்டும்போது சரிவுக்குத் தகுந்தபடி படிப்படியாக இறக்க வேண்டும். எல்லாப் படியும் இயற்கையான கெட்டி மண்ணில் உட்கார வேண்டும், கொட்டின மண்ணில் அல்ல. உள்ளே நிரப்புகிற மண்ணை ஒரே நாளில் கொட்டி மூடக்கூடாது. அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்ட வீடுகளில்தான் ரெண்டு வருஷம் கழித்து டைல்ஸ் 'டொக் டொக்' என்று பேசுகிறது.

மேற்கே, கேட்டை ஒட்டிக் குறுக்கே ஒரு வாறுகால், மேலே கம்பி மூடி. ரோட்டிலிருந்து கேட் வழியாக நுழைகிற தண்ணி வீட்டைத் தொடுவதற்கு முன்பே அங்கே மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து வீட்டின் ரெண்டு பக்கமும் கிழக்கே இறங்கி, வாத்தியார் விட்டு வைத்திருக்கிற ஓட்டைக்கு நேராகப் போய்ச் சேரும். அவர் சம்மதத்தோடு. வழியில் ரெண்டு இடத்தில் படி வைத்து வேகத்தைக் குறைப்பது. மொட்டை மாடித் தண்ணி 2003-லிருந்து கட்டாயமான மழைநீர்த் தொட்டிக்குப் போய், மிச்சம்தான் வாறுகாலுக்கு வரும். அந்தத் தொட்டி அஸ்திவாரத்தை ஒட்டி இருக்கக்கூடாது. செப்டிக் டேங்க் கிழக்கே, குடிதண்ணித் தொட்டி மேற்கே. குளியலறை, சமையலறைக் குழாய்கள் 100 அடிக்கு ஒன்றரையிலிருந்து ரெண்டு அடி இறக்கம்.

"வாஸ்து?" என்றார் நண்பர், மாமனாரை நினைத்துக்கொண்டு.

தென்மேற்கு உயரம், வடகிழக்கு பள்ளம் என்பது வாஸ்து. ராஜபாளையத்தில் மலையே மேற்கே நின்று அதைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே வாஸ்துவும் புவியீர்ப்பும் ஒரே கட்சி. மலையைத் தாண்டிக் கேரளாவுக்குள் இறங்கினால் தண்ணி மேற்கே ஓடும். அங்கே கூட்டணி உடைந்துவிடும்.

*

ரோட்டுக்கு மேல் ஏன் ஒன்றரை அடி? சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் பேஸ்மென்ட் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. ஒன்றரை அடி என்பது ஏறக்குறைய அதேதான். ஆனால் நம் ஊரில் தரை மாறாமல் இருந்தாலும் ரோடு வளரும். ஒவ்வொரு தார் போடும்போதும் சில இஞ்ச். அப்பா காலத்தில் ரெண்டு படி ஏறி நுழைந்த வீட்டில், மகன் ரெண்டு படி இறங்கி நுழைவான். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. இருந்தாலும் அரை அடி கூடுதலாக ஏற்றிக்கொள்வதில் தப்பில்லை.

அமெரிக்காவில் சிகாகோவில் ரோடு மட்டும் இல்லை, ஊரே வளர்ந்தது. சப்பைத் தரை, சாக்கடை ஓட இறக்கம் இல்லை, 1854-ல் காலரா. கடைசியில் சாக்கடைக் குழாயைத் தரைக்கு மேல் போட்டு, தெருவை அதற்கு மேல் உயர்த்தி, கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். 1861-ல் டிரெமான்ட் ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலை, உள்ளே ஆட்கள் தங்கியிருக்கும்போதே உயர்த்தினார்கள். இப்போது நம் ஊரிலும் ஜாக்கி வைத்து வீடு தூக்குகிறார்கள். பில்லைப் பார்த்தால் வீட்டுக்காரரும் கொஞ்சம் உயரே போவார். அஸ்திவாரத்துக்கு முன்னால் ஒரு டியூப் தண்ணியில் முடிகிற வேலை இது.

பிளாட் வாங்கும் முன்பே முடிகிற வேலையும் உண்டு. பட்டா, மூலப் பத்திரம் எல்லாம் பார்க்கிறவர்கள், கிராம வரைபடத்தையும் எஃப்.எம்.பி. ஸ்கெட்சையும் பாருங்கள். பக்கத்தில் 'ஓடை', 'வாய்க்கால்' என்று கோடு இருக்கிறதா, அந்தக் கோடு நேரில் இருக்கிறதா? பேப்பரில் இருந்து நேரில் இல்லையென்றால், யாரோ அதன்மேல் கொடி நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். ஓடைக்கு அது தெரியாது. அது பழைய வழியிலேயே வரும்.

நண்பரின் வீடு இப்போது லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. போன ஐப்பசியில் பேஸ்மென்ட்டோடு நின்றபோது ஒரு ராத்திரி நல்ல மழை. விடிகாலை போன். "சார், வாறுகால் ஓடுது! வாத்தியார் சார் குடையோட நின்னு பார்த்துட்டிருக்கார்" என்றார். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்கிற குரல்.

வீட்டம்மாவுக்கு இன்னும் முகப்பில்தான் கண். மண்ணிலும் சுவரிலும் மிச்சமான பணம் இருக்கிறதே என்கிறார். அவர் பிறந்த ஊரில் 11 நிலைக் கோபுரம் 190 அடிக்கு மேல் நிற்கிறது. எலிவேஷனில் அதோடு போட்டி வேண்டாம் என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. பிளாட் பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடையோடு போய் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அன்றைக்குப் புரோக்கர் கூட வரமாட்டார். அதிலிருந்தும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.